வெள்ளிக்கிழமை வாசிப்பு

கற்பித்தல் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று என்னைப் பார்த்து ஒருவன் கேட்டான். இருபத்தாறு வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற என்னைப் பார்த்து! டேப் கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியிலிருந்து எங்கள் பள்ளிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவன் அவன். கழுத்தில் அட்டை, காலில் வெள்ளை ஷூ, வாயைத் திறந்தால் 'சூப்பர் மேடம்'. ஆளுக்கொரு மஞ்சள் சீட்டைக் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னான். கணக்கு எடுக்கும் ஷோபனா, கற்றலை எளிதாக்கும் கருவி அது இது என்று என்னவோ அழகாக எழுதினாள். நான் 'சாக்பீஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "ரேவதி மேடம் ஜோக் அடிக்கிறாங்க" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது நடந்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி இருக்கும் தனியார் பள்ளி எங்களுடையது. பாதிப் பிள்ளைகள் ஃபிளாட்டுகளிலிருந்து வருகிறவர்கள். அப்பா அம்மா இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கொஞ்சம் பேர் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். மிச்சம் வெள்ளானூர், அதற்கும் அப்பால். ஃபிளாட்டுக்காரர்களுக்கு வரைபடம் வேண்டும். பிள்ளை படிக்கிறானா என்று பிள்ளையையே கேட்க நேரமில்லை. ஃபோனில் பச்சைக் கோடு மேலே ஏறினால் போதும், வயிறு நிறைந்துவிடும். அவர்களுக்காகத்தான் டேப் வந்தது.

அது செய்கிற வேலை இதுதான். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு பிள்ளையும் அதன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். முகத்தை வைத்துப் பெயரைக் கண்டுகொள்ளும். பிறகு திரையில் ஒரு பத்தி வரும். பிள்ளை அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். டேப் கேட்டுக்கொண்டிருந்து மதிப்பெண் போடும். எண்பதும் அதற்கு மேலும் பச்சை, கீழே சிவப்பு. சிவப்பு விழுந்தால் பெற்றோர் ஃபோனுக்கும் செய்தி போகும், தினகரன் அறைக்கும் போகும்.

தினகரன் எங்கள் பள்ளியின் கல்வி ஒருங்கிணைப்பாளர். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். மூன்று வாரம் தொடர்ந்து ஒரு வகுப்பில் சிவப்பு இருந்தால் அந்த வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்து, "அடுத்த வருஷம் உங்களுக்கு வேற ஏதாவது பிளான் இருக்கா மேடம்?" என்று கேட்பார். அந்தக் காபியைக் குடித்த இரண்டு பேர் இப்போது எங்களோடு இல்லை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அதுவும் தமிழ் டீச்சர். இந்த வயதில் இன்னொரு பள்ளி என்னை வா வா என்று ஆரத்தி எடுத்துக் கூப்பிடப் போகிறதா?

முதல் மாதம் சிவப்பாகக் கொட்டியது. படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். கடகடவென்று படிக்கிற பிள்ளைக்கும் சிவப்பு. இது என்னடா கொடுமை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் விளங்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாயப்பயம். 'மழை' என்று அச்சில் இருந்தால் கண் சரியாகத்தான் படிக்கும், வாய் 'மயை' என்று சொல்லும். டேப்புக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ். வெள்ளானூர்த் தமிழை அது கேட்டதே இல்லை. தப்பு, தப்பு, தப்பு என்று போட்டுத் தள்ளியது. கம்பெனிக்காரனிடம் முறையிட்டோம். "போகப் போக மெஷினே கத்துக்கும் மேடம்" என்றான். அது கற்றுக்கொள்கிற வரைக்கும் நாங்கள் தினகரனிடம் காபி குடிக்க வேண்டுமா?

வழி கண்டுபிடித்தவள் ஷோபனா. பிள்ளை முகத்தைக் காட்டட்டும், பத்தியை நாம் படிப்போம் என்றாள். டேப் முகத்தைத்தான் சரிபார்க்கிறது, குரல் யாருடையது என்று பார்ப்பதில்லை. ஒருநாள் விளையாட்டாகச் செய்து பார்த்தோம். தொண்ணூற்றைந்து. பச்சை. அன்றைக்கு ஆசிரியர் அறையில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

அந்த வேலைக்கு எங்களுக்குள் ஒரு பெயரும் வந்துவிட்டது. ஊட்டுவது. "உன் கிளாஸுக்கு ஊட்டியாச்சா?" "இன்னும் நாலு பேருக்கு ஊட்டணும், சாப்பிட்டு வரேன்." வெள்ளிக்கிழமை மத்தியானம் நூலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு விழக்கூடிய பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொருவர் பெயரிலும் நான் படித்தேன். குரலைக் கொஞ்சம் மெல்லியதாக்கி, குழந்தை மாதிரி இழுத்துப் படிப்பேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. யாரை ஏமாற்றுகிறோம் என்று ஒருநாளும் எனக்கு உறுத்தியதில்லை. மெஷினைத்தானே ஏமாற்றுகிறோம்? அது என்ன எனக்கு மாமியாரா, மச்சினியா?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு வருடக்கணக்கில் ஓடியது. நூறு சதவீத வாசிப்புத் திறன் என்று பள்ளி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் இருந்த படம் என் வகுப்புப் படம்.

டேப் வந்த அதே வருடம், நாங்கள் ஊட்ட ஆரம்பித்த பிறகுதான் ரேஷ்மா ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஒல்லி உடம்பு, விரிந்த காது, எப்போதும் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் ரிப்பன். அம்மா புஷ்பாவுக்குத் திருமழிசை எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. அப்பா இல்லை. வெள்ளானூரில் ஒற்றை அறை வாடகை வீடு. சேர்ந்த வாரமே அவளையும் ஊட்டுகிற வரிசையில் நிறுத்திவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு வாயில்தான் பிரச்சினை, இவளுக்கும் அதேதான் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. அவளுக்கு எழுத்தே பிடிபடவில்லை. கரும்பலகையில் 'கடல்' என்று எழுதிப் போட்டால் நெடுநேரம் அதைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். "எழுத்தெல்லாம் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது டீச்சர்" என்று ஒருமுறை சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொள் என்று அனுப்பி வைத்தேன். கண் டாக்டர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பினார். அதோடு விட்டுவிட்டேன், மடச்சி நான்.

வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். ஒருமுறை காதில் விழுந்தது அவளுக்கு மறக்காது. அறிவியல் பாடத்தை வகுப்பில் கேட்டுவிட்டு அப்படியே ஒப்பிப்பாள். பரீட்சைத் தாளில் மட்டும் படம் வரைந்து, கேள்வியையே கோணல்மாணலாகப் பார்த்து எழுதி வைத்திருப்பாள். நாங்கள் எல்லாரும் கூப்பிட்டு வாயால் கேட்டு மதிப்பெண் போட்டு மேலே ஏற்றினோம். எங்கள் பள்ளியில் வகுப்போடு வகுப்பாசிரியரும் மேலே போக வேண்டும். ஆகவே ஏழு, எட்டு, ஒன்பது என்று நானும் அவளோடு கூடவே போனேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நான் அந்தப் பூனை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிற விஷயம் இது. அந்த டேப் அத்தனை பிள்ளைகளுக்கும் தப்புத்தப்பாகச் சிவப்பு போட்டது உண்மை. ஆனால் இந்த ஒருத்திக்கு அது போட்டிருக்கக்கூடிய சிவப்பு சரியான சிவப்பு. வாரா வாரம் அவள் பெயரில் சிவப்பு விழுந்திருந்தால் என்ன ஏது என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆறாம் வகுப்பிலேயே டாக்டரிடம் போயிருப்பாள். அந்தச் சனியன் செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை அது. அதன் வாயை அடைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை வரிசையில் ரேஷ்மா எப்போதும் கடைசியில்தான் நிற்பாள். தன் முறை முடிந்த பிறகும் போக மாட்டாள்.

"மணி அடிக்கப் போகுது, இன்னும் ஏன்டி நிக்கற?"

"நீங்க பட்ச்சா கேக்க நல்லா கீது டீச்சர்."

"ஐஸ் வைக்காதடி, ஓடு" என்று விரட்டுவேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். நம் குரலை நல்லா இருக்கிறது என்று ஒரு ஜீவன் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

பத்தாம் வகுப்பு வந்தது. மார்ச்சில் பொதுத்தேர்வு. அங்கே யாரும் கூப்பிட்டு வாயால் கேட்க மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் போனது. ஆகஸ்டில் புஷ்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, இது கண் கோளாறு இல்லை, வேறு என்னவோ என்றேன்.

புஷ்பா லீவு போட்டுக்கொண்டு அலைந்தாள். இங்கே போ, அங்கே போ, அடுத்த புதன்கிழமை வா என்று அவளை அலைக்கழித்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் இரண்டு நாள் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். டிஸ்லெக்சியா. எழுத்தைப் படிப்பதில் மட்டும் மூளைக்குச் சிக்கல். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. தேர்வில் கேள்வியைப் படித்துக் காட்ட ஒருவர், இவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர், ஒரு மணி நேரம் கூடுதல். இவ்வளவும் கிடைத்தால் நல்ல மார்க்கே வாங்குவாள் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் வந்து நின்று புஷ்பா அழுதாள். சந்தோஷ அழுகை. "இத்தினி வருசமா சோம்பேறி, சோம்பேறின்னு போட்டு அடிச்சிகினு இருந்தேன் டீச்சர். கரண்டியெல்லாம் காய்ச்சி வச்சிக்கீறேன் அது மேல. அதுங்கிட்ட ஒரு தப்பும் இல்லியாமே! நீங்க நல்லா இருக்கணும் டீச்சர், உங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த ரேஷ்மா சிரித்தாள். நான் அந்தக் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றேன்.

சலுகைக்கான விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியது பள்ளி. தினகரன் கையெழுத்து வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: மாணவியின் கடந்த மூன்று வருட வாசிப்புப் பதிவை இணைக்கவும். அந்தப் பதிவு முழுக்க நான் ஊட்டிய பச்சை. டாக்டர் சான்றிதழ் இருக்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விண்ணப்பத்தை தினகரன் மேஜையில் வைத்தேன். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. கடைசி நாள் நவம்பர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அன்று காலை பத்தரைக்கு தினகரன் புஷ்பாவையும் ரேஷ்மாவையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. புஷ்பா கம்பெனிச் சீருடையோடு வந்திருந்தாள், மத்தியான ஷிப்ட்டுக்கு அப்படியே போக வேண்டும் என்று. ரேஷ்மா அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்குக் காபி வரவில்லை. அதைக் கவனித்தேன், ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது சொல்ல.

"உக்காருங்கம்மா" என்றார் தினகரன். "நீங்க பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல. உங்க பொண்ணு பிரமாதமா படிக்கறா." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆறாம் வகுப்பிலிருந்து போன வாரம் வரை ஒரே பச்சைக் கோடு.

"இன்னா சார் சொல்றீங்க? டாக்டரே எழுதிக் குட்த்துக்கீறாரு. ரெண்டு நாளு டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. பஸ்ஸுல இன்னா ஊரு போட்டுகீதுன்னுகூட அதுக்குப் படிக்கத் தெரியாது சார். கண்டக்டராண்டதான் கேக்கும்."

"டாக்டர் ரெண்டு நாள் பார்த்தார்மா. எங்க சிஸ்டம் நாலு வருஷமா பார்க்குது." அவர் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "படிக்கத் தெரியாதுன்னு நான் கையெழுத்துப் போட்டா, இந்த ரெக்கார்டு பொய்யாயிடும். இதையும் சேர்த்துத்தான் அனுப்பணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுதே? பள்ளிக்கூடத்தோட பேர் என்ன ஆகும்? உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா உங்க பொண்ணு குரலையே கேளுங்க. எல்லாத்தையும் சேமிச்சுதான் வச்சிருக்கு."

எனக்கு அது தெரியாது. மதிப்பெண் மட்டும்தான் உள்ளே போகிறது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். குரலும் போயிருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாக எல்லாம் அங்கே எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

அவர் ஒன்பதாம் வகுப்புப் பதிவு ஒன்றை அழுத்தினார். "ஏரியின் ஆழமான பகுதியில் கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. தாழ்ந்த கிளைகளில் நாரைகள் கூடு கட்டியிருந்தன…" என் குரல். மெல்லியதாக்கி, குழந்தை மாதிரி இழுத்த என் குரல். இரண்டாவது வரியின் நடுவில் ஒரு இருமல். அந்த வாரம் எனக்குச் சளி பிடித்திருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு மேலெல்லாம் கூசியது. தினகரன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் என்னோடு பேசுகிற மனுஷனுக்கு அது என் குரல் என்று தெரிந்ததா இல்லையா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

புஷ்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்தாள். "இது எம் பொண்ணு கொரலு இல்ல சார்."

"மைக்ல கேட்டா கொஞ்சம் மாறித்தாம்மா இருக்கும்."

"பெத்தவளுக்குத் தெரியாதா சார்? எம் பொண்ணு இந்த மாதிரி பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. வேற யாரோ பட்ச்சிக்கீறாங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்கதான அதுக்குக் கிளாஸு டீச்சர்? நீங்க சொல்லுங்க. யாரு கொரலு இது?"

ஒரு வார்த்தை. 'என்னுடையது' என்ற ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைக்குக் கையெழுத்துக் கிடைத்துவிடும். எனக்கு வேலை போகும். என்னோடு சேர்ந்து ஷோபனாவுக்கும் இன்னும் ஐந்தாறு பேருக்கும் போகும். வகுப்பில் என் வாய்க்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. கம்பெனிக்காரனையே முகத்துக்கு நேராகக் கேலி செய்தவள் நான். அந்த வாய் அன்றைக்கு எங்கே போனது? "சார், அது வந்து…" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"டீச்சர், சொல்லு டீச்சர்!" புஷ்பா எழுந்தேவிட்டாள். மரியாதை காற்றில் போனது. "வாயில இன்னா கொயுக்கட்டையா? எம் பொண்ணு வாய்க்கை இது!"

"என் கொரலுதான்" என்றாள் ரேஷ்மா.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "நான்தான் பட்ச்சேன் சார்."

"பொய் சொல்லாதடி!" என்று புஷ்பா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "சார், இப்ப படிக்கச் சொல்லுங்க சார். உங்க எதுர்லயே படிக்கச் சொல்லுங்க. தெரிஞ்சிடும் இல்ல?"

தினகரன் யோசித்தார். மறுக்கவும் முடியாது. மேஜையில் இருந்த டேப்பை எடுத்தார். புதிதாக ஒன்றைத் தேட அவருக்குப் பொறுமை இல்லை. இப்போது கேட்ட அதே பத்தியைத் திறந்து 'மறுபடியும்' என்று அழுத்தி, ரேஷ்மா கையில் கொடுத்தார். டேப் அவள் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னது.

இப்போது திணறுவாள், எல்லாம் வெளியே வரும், நான் வாயைத் திறக்காமலே எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு ஈன நிம்மதி. கடவுளே, இவள் திணற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரேஷ்மா படித்தாள்.

"ஏரியின் ஆழமான பகுதியில் கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின." ஒரு தடுமாற்றம் இல்லை. ஆழம் ஆழமாகவே வந்தது, கூழைக்கடா கூழைக்கடாவாகவே வந்தது. அவள் அப்படிப் பேசி நானும் கேட்டதில்லை. நான் எங்கே இழுப்பேனோ அங்கே இழுத்தாள், எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டாள். இரண்டாவது வரியின் நடுவில், நான் இருமிய இடத்தில், ஒரு கணம் நின்று பிறகு தொடர்ந்தாள்.

அவள் கண் திரையில் இல்லை. பத்தி நீளமானது, பாதிக்கு மேல் விரலால் தள்ளிக் கீழே கொண்டுபோக வேண்டும். அவள் தள்ளவே இல்லை. திரை முதல் நான்கு வரியிலேயே நின்றது. அவள் எட்டாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் மட்டும்தான் கவனித்தேன். தினகரன் மதிப்பெண் வரும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பா மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருட வெள்ளிக்கிழமைகளில் கடைசியில் நின்று கேட்டுக்கேட்டு, எத்தனை பத்திகளை இந்தப் பிள்ளை தலைக்குள் போட்டு வைத்திருக்கிறாளோ!

டேப் மணி அடித்தது. தொண்ணூற்றாறு. பச்சை.

நான்கு வருடத்தில் அந்த மெஷின் அவள் குரலை முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"பார்த்தீங்களாம்மா?" என்றார் தினகரன். அவர் முகத்தில் வெற்றிகூட இல்லை, வேலை முடிந்த அசதிதான் இருந்தது. "டாக்டர் முன்னாடி பயந்திருப்பா. இந்த வயசுப் பிள்ளைங்க இப்படித்தான், படிப்புலருந்து தப்பிக்க என்ன வேணா செய்யும். இனிமே இந்த ஃபாரம் தேவையில்ல." விண்ணப்பத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார். "ஃபைல்ல வச்சிடுங்க மேடம்."

புஷ்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை ஒரு தாய் முகத்தில் நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

"பட்ச்சிகினுதான் இருந்தியா? எல்லாந் தெரிஞ்சிகினேதான் என்ன ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இஸ்துகினு அலைஞ்சியா? சூப்ரவைசராண்ட நான் வாங்கின பேச்சு இன்னா தெரியுமாடி உனுக்கு? லீவு போட்டுப் போட்டு, அடுத்த மாசத்துலருந்து வராதன்னு சொல்லிட்டான்டி பாவி!" கை ஓங்கினாள். நான் நடுவில் போய் நின்றேன். அதையாவது செய்தேன். அடி என் தோளில் விழுந்தது.

புஷ்பா பதறிப்போனாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மன்னிச்சிக்கங்க டீச்சர். வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். நீங்க எம்மாம் நல்லா சொல்லிக் குட்த்துக்கீறீங்க, அது எம்மாம் அயகா பட்ச்சிது! நான்தான் தப்பு. மனசுல வச்சிக்காதீங்க." அவள் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையை ஆட்டியதற்கு எனக்கு எந்த நரகத்தில் இடம் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு புஷ்பா மழையில் இறங்கிப் போனாள்.

ரேஷ்மாவை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினேன். என் கையில் அந்த விண்ணப்பம், டாக்டர் சான்றிதழோடு. கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, என் மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"ஏன்டி இப்படிப் பண்ணின? உனக்குப் பைத்தியமா? இது இல்லாம பரீட்சையில என்னடி பண்ணுவ?"

அவள் அவிழ்ந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "உங்க கொரலுன்னு தெரிஞ்சா உங்கள அனுப்பிடுவாங்க இல்ல டீச்சர்?"

"அனுப்பினா அனுப்பட்டும்! உனக்கென்னடி வந்துது?" என்று கத்தினேன். உள்ளே வாய் திறக்காதவள், படிக்கட்டுக்கு அடியில் ஒரு குழந்தையிடம் கத்தினேன்.

"நீங்க பூட்டீங்கன்னா வெள்ளிக்கெயம எனக்கு யாரு டீச்சர் படிப்பாங்க?"

அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். "பொதுப்பரீட்சை ஹாலுக்குள்ள நான் வர முடியாதுடி கண்ணு" என்றேன். "அங்க வந்து உனக்கு நான் படிக்க முடியாது."

"தெரியும் டீச்சர்" என்றாள்.

வகுப்புக்கு மணி அடித்தது. அவள் மேலே ஏறிப் போனாள். அப்போது மணி பதினொன்றேகால். ஐந்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. தினகரன் அறைக்கும் நான் நின்ற இடத்துக்கும் இருபது அடிகூட இருக்காது. நான் போகவில்லை.